லாபம் என்றால் எத்தனை

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. மழை பெய்து ஏழு வாரமாகியிருந்தது. சோளகக் காற்று வயல்வெளியை நீளத்துக்கு அடித்து, சிறுபோகம் வெட்டிய தாள்களுக்குள்ளிருந்து தூசியைக் கிளப்பி எங்கள் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரத்தில் இருந்த எங்கள் குடியேற்றத் திட்டத்தின் பொதுக்களத்தில், பாலை மரக் கம்புகள் நாலை நட்டு, வண்டில் கயிற்றை மூன்று சுற்றுக் கட்டி, கீழே வைக்கோல் பரப்பி மேலே படங்கு விரித்து ஒரு குத்துச்சண்டை மேடை செய்திருந்தார்கள். நெல் அளக்கும் களத்தில் ஆட்கள் அடிபடப் போவது எனக்கு அவ்வளவு நன்றாகப் படவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் அப்போது காணிக் கந்தோரில் கிளாக்கர். எழுதத் தெரிந்தவன் என்பதால் புள்ளி போடும் மேசையில் இருத்தியிருந்தார்கள். எனக்கு இடப்பக்கம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர், வலப்பக்கம் நீர்ப்பாசன ஓவசியர். மேடைக்கு வெளியே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார்.

அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெயர் வேண்டாம். அவருடைய ஆட்கள் இன்னும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

அவர் எங்கள் திட்டத்தின் அளவுகாரர். அறுவடை முடிந்து சூடு மிதித்துத் தூற்றிய நெல்லை மரைக்காலால் அளந்து, இவ்வளவு என்று சொல்வது அவர் வேலை. அவர் சொன்னதைத்தான் சங்கமும் எழுதும், கடன் கொடுத்தவனும் எழுதுவான், வயல்காரனும் நம்புவான். மெலிந்த உடம்பு. அந்த உடம்புக்குள் எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று தெரியாது. இங்கே களத்தில் எண்ணினால் வாய்க்காலுக்கு அப்பால் மாடு மேய்ப்பவனுக்குக் கேட்கும். எல்லா அளவுகாரரையும் போல அவரும் முதல் மரைக்காலுக்கு ஒன்று என்று சொல்வதில்லை. "லாபம்" என்பார். அடுத்தது "ரெண்டு", "மூண்டு". களத்தில் ஒன்று என்று தொடங்கினால் விளைச்சல் ஒன்றோடு நின்றுவிடும் என்று பயம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் லாபம் என்றால் ஒன்று என்பது எனக்கும் தெரியும், அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எண்ணியதைத் திருப்பி எண்ண மாட்டார். நெல்லை மட்டுமல்ல, எதையும். பஸ் கொண்டக்டர் கொடுத்த மிச்சக் காசைப் பார்க்காமலே மடியில் செருகுவார். நான் எதையும் மூன்று தரம் எண்ணுகிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுப் படலைவரை போய், பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவன். ஆகவே அவரைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஓர் எரிச்சல் வரும்.

ஒருமுறை ஒரு களத்தில் அவர் நாற்பது என்று முடித்தார். ஓரமாக நின்று எண்ணிய எனக்கு நாற்பத்தொன்று வந்தது. திருப்பி அளக்கச் சொன்னேன். அவர் மரைக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோளிலிருந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"திருப்பி எண்ணினால் குறையும், கிளாக்கர்."

"நெல்லு எப்பிடிக் குறையும்? கணக்கெண்டா கணக்குத்தானே."

"நெல்லு குறையாது. அளந்தவன் குறைவான்."

வயல்காரன் அவர் பக்கம் நின்றான். ஒரு மரைக்கால் நட்டப்படுகிறவன் அவன்தான். அவனே நாற்பது என்று கையெழுத்து வைத்தான். எனக்கு இன்றைக்கும் அது நாற்பத்தொன்றுதான்.

இந்த மனிதருக்குக் குத்துச்சண்டையில் பைத்தியம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியபோது பழகியது. பேப்பரில் ஏதாவது சண்டைச் செய்தி வந்தால் வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். தீர்ப்புப் பிழை என்று மற்றவர்கள் கத்தினால் அவர் சேரமாட்டார். "மேசையிலை இருந்தவன் சொன்னது சொன்னதுதான். வெளியிலை நிண்டு எண்ணுறது எண்ணிக்கையில்லை" என்பார். யார் யாரை எப்படி விழுத்தினான் என்பதை மட்டும் பத்துத் தரம் கேட்பார். அதில் மட்டும் அலுப்பதில்லை.

அன்றைக்கு மேடையில் நின்ற இருவரில் ஒருவன் அவருடைய தங்கையின் மகன் நடேசு. உழவு மெசின் ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வயது. மற்றவன் முல்லைத்தீவிலிருந்து வந்த காதர், மீன் லொறியில் பெட்டி ஏற்றி இறக்குகிறவன். வெல்லுகிறவனைக் கொழும்பில் ஒரு கம்பனி தன் குத்துச்சண்டைக் குழுவுக்கு எடுத்து, களஞ்சியத்தில் நிரந்தர வேலையும் கொடுப்பதாக விளையாட்டு வாத்தியார் ஒழுங்கு செய்திருந்தார். வாத்தியார்தான் நடுவர். அவருக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது, காற்றும் இரைந்தது. அதனால், எவனாவது விழுந்தால் பத்து எண்ணும் வேலையை அளவுகாரரிடம் கொடுத்தார். மருமகன் சண்டையில் மாமன் எண்ணுவதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய எண்ணிக்கையில் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டாம் சுற்றில் காதரின் வலக்கை நடேசுவின் தாடையில் பட்டது. நடேசு மூட்டை சரிந்தது போல விழுந்தான். அளவுகாரர் கையை உயர்த்தினார். களத்தில் நின்ற பழக்கமோ என்னவோ, அவர் வாயில் வந்தது "லாபம்".

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் கை மறுபடி இறங்கியபோது "ஒண்டு" என்றார். பிறகு ரெண்டு, மூண்டு என்று ஒரே சீராகப் போனார். "ஒன்பது" என்றபோது நடேசு எழுந்து நின்றான். காதர் அதற்குள் கையை உயர்த்திக்கொண்டு தன் மூலைக்குத் திரும்பியிருந்தான். அவன் கேட்டது பத்துச் சத்தம். வாத்தியார் கேட்டது ஒன்பது. சண்டையைத் தொடரச் சொன்னார்.

மூன்றாம் சுற்றில் நடேசு ஓடி ஓடிச் சமாளித்தான். காதருக்கு மனம் விட்டுப்போய்விட்டது. மேசையில் நான் காதருக்குப் போட்டேன். மனேச்சரும் ஓவசியரும் நடேசுவுக்குப் போட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. அடுத்த மாதம் நடேசு கொழும்புக்கு ரயிலேறினான்.

அதற்குப் பிறகு தேத்தண்ணிக் கடையில் வேறு கதை இல்லை.

"லாபம் எண்டா ஒண்டுதானே. எங்கடை அப்பு காலத்திலையிருந்து ஒண்டுதான்" என்பார் கடைக்காரர்.

"அப்ப பிறகேன் ஒண்டு எண்டவர்?" என்பான் பஸ் கொண்டக்டர்.

"அது வாய் தவறினது."

"எது வாய் தவறினது? லாபமோ, ஒண்டோ? லாபம் தவறெண்டா நடேசு வெண்டவன். ஒண்டு தவறெண்டா நடேசு எழும்பேக்கை பத்து, காதர் வெண்டவன். விளங்குதோ?"

"எனக்கு விளங்குது. மருமோனுக்குக் குவிச்சு அளந்தவர், காதருக்குத் தலை தட்டி அளந்தவர்."

எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு என் பக்கம் திரும்புவார்கள். "கிளாக்கர் ஐயா, நீங்கள் மேசையிலை இருந்தனீங்கள். உங்கடை மணிக்கூடு என்ன சொல்லிச்சுது?"

என் மணிக்கூட்டில் செக்கன் முள் இல்லை. அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள்.

இந்த நேரத்தில் அவர் உள்ளே வந்தால் கடை அடங்கிவிடும். அவர் வாங்கில் இருந்து வெறும் தேத்தண்ணி கேட்பார். "கதையை நிப்பாட்டாதையுங்கோ. குத்துச்சண்டைக் கதை கேக்கத்தானே நான் வாறனான்" என்பார். ஒருநாள் கொண்டக்டர் துணிந்து கேட்டான்.

"அண்ணை, நீங்களே சொல்லுங்கோவன். லாபத்தைச் சேர்க்கிறதோ விடுறதோ?"

"எண்ணினது எண்ணினதுதான்."

"அதைத்தான் எத்தினை எண்டு கேக்கிறம்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் காசை வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமைகளில் காதரின் லொறி அந்தக் கடையடியில் நிற்கும். அவனையும் சீண்டுவார்கள். "என்ன காதர், நீ வெண்டனியோ, தோத்தனியோ?" அவன் மீன் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டே சொல்வான்: "எண்ணினவரைக் கேளுங்கோ. நான் அடிக்க வந்தனான், எண்ண வரேல்லை." அளவுகாரர் வந்தால் நல்ல மீனாகப் பார்த்துக் கொடுப்பான். இருவரும் மீனைப் பற்றி மட்டும் கதைப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்க எனக்குத்தான் மனம் பொறுக்காது.

கொழும்பில் நடேசுவின் ஆட்டம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. முதல் சண்டையில் புள்ளியில் வென்றான். பார்த்தவர்கள் கூச்சல் போட்டதாகப் பேப்பரில் இருந்தது. இரண்டாவதில் தோற்றான். கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு மூன்று சுற்றும் சும்மா நின்றான் என்று எழுதியிருந்தார்கள். அடுத்ததில் மறுபடி வெற்றி, மறுபடி கூச்சல். ஒவ்வொரு செய்தியோடும் எங்கள் கடையில் பழைய வழக்கு எழும்பும். "அனுப்பவேண்டியவனை அனுப்பாமல் விட்டா இப்பிடித்தான்" என்பார்கள். ஆனால் மாதம் தவறாமல் தாய்க்குக் காசு வந்தது. தாய் கிடுகுக் கூரையை மாற்றி ஓடு போட்டா. அவா கணவனை இழந்தவா. அந்த ஒரு பிள்ளைதான்.

தைப்பொங்கலுக்கு நடேசு வந்தான். நான் அவர்கள் வளவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். அளவுகாரரும் அந்த வளவின் மூலையில் ஒரு கொட்டிலில்தான் இருந்தார். மனைவி எப்போதோ போய்விட்டா, பிள்ளைகள் இல்லை. மூன்று நேரச் சாப்பாடும் தங்கை வீட்டுக் குசினியில்தான். அன்று அவர் வேலி கட்டிக்கொண்டிருந்தார். நடேசு பக்கத்தில் நின்று கயிறு எடுத்துக் கொடுத்தான். நான் நின்றதை அவன் பொருட்படுத்தவில்லை.

"மாமா, கோவிக்காதையுங்கோ. அண்டைக்கு நான் எழும்பேக்கை எத்தினை?"

"ஒன்பது. எல்லாருக்கும் கேட்டது."

"எனக்கும் கேட்டது. அதுக்கு முதல் லாபமும் கேட்டது."

அவர் முடிச்சை இறுக்கினார்.

"எண்ணினது எண்ணினதுதான், தம்பி."

"அங்கை ஒவ்வொருத்தனுக்கும் முன்னாலை போய் நிக்கேக்கை, இந்த இடம் என்ரையோ காதற்றையோ எண்டுதான் நினைப்பு ஓடுது. தோத்தவன் எண்டு தெரிஞ்சாலும் காரியமில்லை. தெரியாமல் அடிக்கக் கை வருகுதில்லை, மாமா."

அவர் அடுத்த கம்புக்குப் போனார். நடேசு கயிற்றை நிலத்தில் போட்டுவிட்டு உள்ளே போனான். நான் முருங்கைக்காய் வாங்காமலே திரும்பினேன்.

ஆனி மாதம் கடைசிச் செய்தி வந்தது. கொண்டக்டர் பேப்பரை விரித்து வைத்து வாசித்தான். முதலாம் சுற்றிலேயே நடேசு விழுந்தான். ஒரு முழங்காலில் இருந்தபடி, நடுவர் பத்து எண்ணி முடிக்கும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து தன்பாட்டில் மூலைக்கு நடந்தான். எழும்ப முயற்சியே செய்யவில்லை என்று எழுதியிருந்தது.

"காசு வாங்கிப்போட்டான்" என்றார் கடைக்காரர்.

அளவுகாரர் வாங்கில் இருந்தார். "எந்தக் கை பட்டது?"

"ஒரு சின்ன இடக்கை எண்டு போட்டிருக்கு."

"அதுக்கு அவன் விழமாட்டான்."

"விழுந்துதானே கிடந்தவன். ஏன் எழும்பேல்லை அப்ப?"

அவர் தேத்தண்ணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஒருக்கால் எண்ணி முடிக்கட்டும் எண்டு இருந்திருக்கிறான்" என்றார். அன்று தேத்தண்ணி அரைவாசி கிண்ணத்தில் கிடந்தது. நான் பார்த்தேன்.

அந்த வருடச் சிறுபோகத்தில் தங்கையின் வயல் சூடு மிதித்து முடிந்தது. அதே பொதுக்களம். நெல் குவிந்திருந்தது. அயல் வயல்காரர்கள், சாக்குப் பிடிக்க வந்தவர்கள், சங்கத்துக்காக நான், எல்லாருமாகப் பதினேழு பேர். தங்கை குவியலின் மறுபக்கம் நின்றா. அளவுகாரர் வழக்கம்போல நெல்லைக் கும்பிட்டுவிட்டு மரைக்காலை எடுத்தார். எடுத்தவர் அதைக் கவிழ்த்துத் தன் முன்னால் வைத்தார். வெறுங்கையால் அதன் அடியில் தட்டினார்.

"லாபம்."

நாங்கள் அளக்கத் தொடங்குகிறார் என்று நினைத்தோம். இரண்டாம் தட்டு விழுந்தது.

"ஒண்டு."

சாக்குப் பிடித்து நின்றவன் சாக்கை விட்டுவிட்டான். அவர் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு தட்டுக்கும் இடக்கையில் ஒரு விரலை மடக்கினார். இடக்கை நிறைந்ததும் அதனால் தட்டத் தொடங்கி வலக்கை விரல்களை மடக்கினார். "ஒன்பது" என்று சொன்னபோது பத்தாவது விரலும் மடங்கியிருந்தது. இரண்டு முட்டிகளையும் எங்களுக்குக் காட்டினார்.

"லாபம் எண்டா ஒண்டு. நான் ஒண்டை ரெண்டு தரம் எண்ணிப்போட்டன். பெடியன் எழும்பேக்கை பத்து. காதர் வெண்டவன்."

எனக்கு நாற்பத்தொரு மரைக்கால் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. கடையில் ஒரு வருடமாக வாதாடிய கடைக்காரரும் அங்கே நின்றார். அவர் குவியலையே பார்த்தார்.

தங்கை குவியலைச் சுற்றி வந்தா. அழவில்லை. குரல்கூட உயரவில்லை.

"ஆற்றையும் நெல்லைத் திருப்பி எண்ண மாட்டியள், அண்ணை. என்ரை பிள்ளையைத் திருப்பி எண்ணிப்போட்டியள்."

"அவன் கேட்டவன், பிள்ளை."

"கேட்டா? அவனுக்குச் சாப்பாட்டை ஆர் குடுக்கிறது? காதரோ?"

கவிழ்ந்து கிடந்த மரைக்காலை அவா எடுத்துப் பக்கத்து வயல்காரப் பெடியனிடம் நீட்டினா. அவன் வாங்கப் பயந்தான். "பிடி மோனை, நீ அள" என்றா. பிறகு தமையனைப் பார்த்து, "நீங்கள் போங்கோ" என்றா. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வரம்பால் நடந்தார். பின்னால் அந்தப் பெடியன் "லாபம்" என்று தொடங்கினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்னதால் என்ன நடந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கம்பனிக்கு வன்னிக் களத்து எண்ணிக்கை எதற்கு? அவர்களுக்கு நடேசு தோற்றது போதும், வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதன் பிறகு அவன் கையுறை போடவில்லை. துறைமுகத்தில் நாள் கூலிக்கு நின்றான். தாய்க்கு வந்த காசு பாதியாகி, பிறகு எப்போதாவது என்று ஆனது. செய்தி எந்த வழியால் அவனுக்குப் போனதோ தெரியாது. அடுத்த பொங்கலுக்கு வந்தவன் பையோடு நேரே மாமாவின் கொட்டிலுக்குப் போனான். அரை மணித்தியாலம் இருந்தான். வெளியே வந்தபோது, அவன் முகத்தில் ஒரு வருடமாகக் கிடந்த முறைப்பு இல்லை. அதைத் தாயும் பார்த்தா. அவா மனம் அதற்காக இளகவில்லை.

காதர் அதற்குள் கலியாணம் முடித்து லொறியில் பங்கு வாங்கியிருந்தான். அளவுகாரர் கடையடிக்குப் போய், எல்லார் முன்னாலும் அவனிடம் நேரே சொன்னார். "வெண்டது நீதான், தம்பி." காதர் கையைச் சாறத்தில் துடைத்தான். "எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை. நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் ஒருத்தரட்டையும் நான் கதைக்கேல்லை" என்றான். அன்றைய மீனுக்குக் காசு வாங்கவில்லை.

மற்ற வயல்காரர்கள் அவரை விடவில்லை. தொடர்ந்து அளக்கக் கூப்பிட்டார்கள். ஆனால் இப்போது முடிவில் யாராவது ஒருவன் தலையைச் சொறிவான். "அண்ணை, குறை நினையாதையுங்கோ, ஒருக்கால் திருப்பி எண்ணுவமே?" அவர் மறுப்பதில்லை. கொட்டியதை அள்ளித் திருப்பி அளப்பார். முதல் தரம் வந்ததே வரும். அந்தக் குரல் மட்டும் வாய்க்கால்வரை போவதில்லை.

கொட்டிலில் தானே சமைத்தார். தங்கை வீட்டுக் குசினிக்கும் அந்தக் கொட்டிலுக்கும் இடையில் அவா ஒரு வேலி அடைப்பித்தா. அவர் செத்த அன்று, வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓலையைப் பிரித்துக்கொண்டு வந்து, தலைமாட்டில் இருந்தா. நான் செத்தவீட்டில் கடைசிவரை இருந்தேன். நடேசுதான் கொள்ளி வைத்தான்.

அன்று களத்தில் அப்படிச் சொன்னது அவருக்கு எவ்வளவு செலவானது என்று நான் பிறகு கணக்குப் பார்த்தேன். வேறு எதைக் கணக்குப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. களம் ஒன்றுக்கு அளவுகாரர் கூலி இரண்டு மரைக்கால் நெல். தங்கையின் நெல்லை அவர் அதற்குப் பிறகு அளக்கவில்லை. அவர் சாகும்வரை ஒன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு போகம், பதினெட்டுக் களம். குளத்தில் தண்ணீரில்லாமல் சிறுபோகம் விதைக்காத வருடங்கள் இரண்டு. அவற்றைக் கழித்தால் பதினாறு. முப்பத்திரண்டு மரைக்கால் நெல்.